வானலை ஏறிய பல்கலைக்கழகம்

புதிய கருவியொன்று தோன்றியவுடன், அக்கருவியே சமுதாயத்தின் பழைய கோணல்களை நிமிர்த்திவிடும் என்று நம்புவோர் எக்காலத்திலும் உளர். அச்சியந்திரம் வந்தபோதும் வானொலி வந்தபோதும் இவ்வாறே பேசப்பட்டது. தொலைக்காட்சி வந்தபோது, இனிப் பல்கலைக்கழகம் ஒவ்வொரு வீட்டினுள்ளும் புகுந்துவிடும் என்றனர். பட்டப்படிப்பைத் தொலைக்காட்சி வழியே மக்களிடம் கொண்டு செல்ல முனைந்த முயற்சிகளின் வரலாற்றை நாம் சற்று நிதானமாக நோக்கினால் வேறோர் உண்மை புலனாகும். கருவி விரிவுரையைச் சுமந்து வந்தது. கதவைத் திறந்ததும் பின்னர் ஒடுக்கியதும் அரசியல் முடிவுகளே.

இம்முயற்சி ஐக்கிய அமெரிக்காவிலேயே முதலில் வேரூன்றிற்று. 1951 இல் கிளீவ்லாந்து நகரின் வெஸ்டேர்ண் றிசேர்வ் பல்கலைக்கழகம் தொலைக்காட்சிப் பாடங்களைத் தொடங்கியது. 1957 இல் நியூயோர்க் பல்கலைக்கழகமும் சி.பி.எஸ். நிறுவனமும் இணைந்து 'சன்றைஸ் செமஸ்டர்' என்னும் தொடரை விடியற்காலையில் ஒளிபரப்பின. முதற் பாடம் ஒப்பியல் இலக்கியம். விரிவுரையாளர் ஃபுளோயிட் சூலி, பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்தெந்தாலின் 'சிவப்பும் கறுப்பும்' பற்றிப் பேசியதும், அந்நகரப் புத்தகக் கடைகளில் அந்நாவல் விற்றுத் தீர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் சோவியத்து நாடு ஸ்புட்னிக்கை விண்ணிற் செலுத்தியது. அந்த அதிர்ச்சியில், மறு ஆண்டே என்.பி.சி. நிறுவனம் நாடு முழுவதற்கும் பௌதிகப் பாடமொன்றை ஒளிபரப்பத் தொடங்கிற்று. பாடசாலைகளிற் பௌதிகம் கற்பிப்போரின் அறிவைப் புதுப்பிப்பதே அதன் முதன்மையான நோக்கம்.

இம்முயற்சிகளை நாம் இகழ வேண்டுவதில்லை. நல்ல ஆசிரியர்கள் நல்ல பாடங்களை நடத்தினர். ஆயினும், வர்த்தக ஒளிபரப்பு நிறுவனங்கள் கல்விக்கு ஈந்த நேரம், விளம்பரக்காரர் விரும்பாத வைகறை நேரமே. பார்த்து மகிழ்ந்தோர் மிகப் பலர். பணங்கட்டிப் பதிவுசெய்து பல்கலைக்கழக மதிப்பைப் பெற்றோர் சிலரே. பல்கலைக்கழகத்தின் வாயில் பழைய இடத்திலேயே இருந்தது. அதன் சன்னல் மாத்திரமே திறக்கப்பட்டது எனலாம்.

வாயிலையே அகலத் திறக்கும் முயற்சி பிரித்தானியாவில் நிகழ்ந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டில் உரிய வயதினருள் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே பல்கலைக்கழகம் புகுந்தனர். பதினொரு வயதில் எழுதும் ஒரு பரீட்சை பிள்ளைகளை இரு கூறாக்கியது. தொழிலாளர் பிள்ளைகளிற் பெரும்பாலோர் பதினைந்து வயதிலேயே பாடசாலையை விட்டு வேலைக்குச் சென்றனர். இவ்வாறு ஒருமுறை ஒதுக்கப்பட்டவருக்கு மறுவாய்ப்பு உண்டா என்பதே அன்று எழுந்த வினா. 1962 இல் சமூகவியலாளர் மைக்கல் யங் திறந்த பல்கலைக்கழகமொன்று வேண்டுமென எழுதினார். 1963 செப்டெம்பரில் தொழிற் கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன், கிளாஸ்கோ நகரில் ஆற்றிய உரையில் 'வானலைப் பல்கலைக்கழகம்' என்னும் திட்டத்தை முன்வைத்தார். சோவியத்து நாட்டில் தபால் வழிக் கல்வி எய்தியிருந்த பெருவளர்ச்சி அவரது கருத்தைக் கவர்ந்திருந்தது.

திட்டத்தை உருவாக்கிய பெருமை ஜெனி லீ என்னும் பெண்மணிக்குரியது. ஸ்கொட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகளாகப் பிறந்து, ஆசிரியையாகப் பணியாற்றி, 1929 இல் தமது இருபத்துநான்காவது வயதிலேயே பாராளுமன்றம் புகுந்தவர் அவர். 1965 இல் இப்பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசாங்கத் திறைசேரி செலவைக் காட்டித் தயங்கியது. இருந்த பல்கலைக்கழகங்கள் ஐயுற்றன. சொந்தக் கட்சியினரே பலர் ஊக்கங் காட்டவில்லை. பட்டத்துக்குக் குறைந்த ஏதேனும் ஒரு பயிற்சியை அளித்தாற் போதாதா என்று கேட்டோரும் உளர். அவர் இணங்கவில்லை. ஏழைக்கு இரண்டாந்தரப் பட்டம் என்னும் தருமச் சிந்தனையை அவர் அடியோடு மறுத்தார். நுழைவுத் தகைமை எதுவும் வேண்டியதில்லை; ஆனால் வெளியேறும்போது பெறும் பட்டம் எந்தப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கும் ஈடானதாக இருத்தல் வேண்டும். இதுவே அவரது நிலைப்பாடு.

1969 இல் திறந்த பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றது. ஆயினும் 1970 இல் ஆட்சி மாறியது. இத்திட்டத்தை வெறும் பிதற்றல் என இகழ்ந்திருந்த இயன் மக்லியோட் நிதியமைச்சரானார். ஒரு மாதத்துக்கிடையில் அவர் காலமானார். கல்வியமைச்சர் மாகிரட் தட்சர் திட்டத்தைக் கைவிடவில்லை. குறைந்த செலவில் பட்டதாரிகளைப் பெறலாம் என்ற கணக்கு அதற்கு ஒரு காரணமாயிற்று. சமத்துவத்தை நாடித் தோன்றிய நிறுவனம் சிக்கனத்தின் பெயரால் உயிர் தப்பியது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

1971 ஜனவரி 3 ஆந் திகதி முதல் ஒளிபரப்பு பி.பி.சி.யின் இரண்டாவது அலைவரிசையில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ 24,000 மாணவர் சேர்ந்தனர். நிகழ்ச்சிகள் இலண்டன் அலெக்சாண்டிரா மாளிகையில் தயாராயின. 1936 இல் பி.பி.சி. தனது ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கியதும் அங்கேதான். பேராசிரியர்களும் ஒளிபரப்பாளரும் ஒரு குழுவாக அமர்ந்து பாடங்களை ஆக்கினர்.

ஆயினும் படிப்பின் பெரும்பகுதி திரைக்கு வெளியே நடைபெற்றது என்பதை நாம் மறத்தலாகாது. பாடநூல்கள் தபாலில் வந்தன. எழுதிய கட்டுரைகளைப் பயிற்றுநர் திருத்தி அனுப்பினர். ஊர்தோறும் அமைந்த நிலையங்களில் மாணவர் அவர்களைச் சந்தித்தனர். விஞ்ஞான மாணவருக்கு நுணுக்குக்காட்டி உட்பட்ட பரிசோதனைப் பெட்டியே வீடு தேடி வந்தது; சமையலறை மேசை ஆய்வுகூடமாயிற்று. கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழகத்திலே தங்கி அனைவரும் கூடிக் கற்றனர். ஆண்டுக்கொரு பாடமாகச் சேர்த்து, ஆறு பாடங்களில் தேறினோர் பட்டம் பெற்றனர். சிறப்புப் பட்டத்துக்கு எட்டு வேண்டும். அமெரிக்க முயற்சிகளுக்கும் இதற்குமுள்ள வேறுபாடு இங்கேதான் துலங்குகின்றது.

இவ்வளவு செய்தும் வாயில் புகுந்தோர் யாவர்? முதலாண்டு மாணவருள் மிகப் பெருந்தொகையினர் ஆசிரியர்கள். உடலுழைப்புத் தொழிலாளர் சிறு தொகையினரே. பெண்களும் அன்று சிறுபான்மையினர். பின்னரே அவர்தொகை பெருகியது. ஆசிரியராகிய நாம் இச்செய்தியைக் கேட்டுப் பெருமிதமும் கொள்ளலாம். சற்று நாணவும் வேண்டும். திறந்த கதவாயினும் அதற்கு அண்மையில் நிற்பவரே முதலில் நுழைவர். ஓய்வும், அமைதியான ஓர் அறையும், வாசிக்கும் பழக்கமும் முன்பே வாய்த்தவருக்குச் சமவாய்ப்பு என்பது கூடுதல் வாய்ப்பாகின்றது. ஆலையில் இரவுமுறை வேலைசெய்து திரும்பியவனுக்கு விடியற்கால விரிவுரை தாலாட்டாகவே அமையும்.

பிற நாடுகளிலும் இவ்வரலாறு தொடர்ந்தது. சீனாவில் 1960 இல் பீஜிங் நகரில் தொடங்கிய தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம், 1966 இன் கலாசாரப் புரட்சியோடு நின்றது. 1979 இல் நாடளாவிய மத்திய வானொலி தொலைக்காட்சிப் பல்கலைக்கழகம் எழுந்தது. நமது நாட்டில் 1980 இல் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. இந்தியாவில் 1984 இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு தழுவிய வகுப்பறை ஒளிபரப்பைத் தொடங்கியது.

பிரித்தானியாவில் ஒளிப்பதிவு நாடாவும் இறுவட்டும் இணையமும் வந்தபின் ஒளிபரப்பின் தேவை குன்றியது. 2006 டிசெம்பரில் கடைசிப் பாட ஒளிபரப்பு நிகழ்ந்தது. திரை அணைந்ததனாற் பல்கலைக்கழகம் அழியவில்லை. அதனை உண்மையிலே தாக்கியது வேறொன்று. 2012 இல் இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணங்கள் பன்மடங்கு உயர்த்தப்பட்டபோது, வேலை செய்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்போரின் தொகை பெரிதும் வீழ்ச்சியுற்றது. நுழைவுத் தகைமை கேட்காத வாயிலிற் பணம் காவல் நின்றது.

இன்று கைப்பேசியையும் கணினியையும் காட்டி, கல்விச் சமத்துவம் வந்துவிட்டது என மீண்டும் பறைசாற்றப்படுகின்றது. அவ்வாறு கூறுவோரிடம் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் ஜெனி லீ காலத்து வினாக்களே. கட்டுரையைத் திருத்துபவர் யார்? கட்டணத்தைச் செலுத்துபவர் யார்? படிப்பதற்கு உழைப்பாளிக்கு ஓய்வு எங்கே? இவற்றுக்கு விடை கூறாத எந்தத் திட்டமும், எத்துணைப் புதிய கருவியைக் கையாண்டாலும், பழைய சன்னலையே திறந்து வைக்கும்.