கொங்குப் பிராட்டியின் தளிகை: பாசுரம் பெறாத நாட்டில் பாகவத கைங்கர்யம்

திவ்யதேசங்கள் நூற்றெட்டையும் பூர்வர்கள் நாட்டுவாரியாக வகுத்துள்ளனர். சோழநாட்டில் 40, பாண்டிநாட்டில் 18, மலைநாட்டில் 13, நடுநாட்டில் 2, தொண்டைநாட்டில் 22, வடநாட்டில் 11, நிலவுலகுக்கு அப்பாற்பட்டவை 2 என்பது அவ்வகுப்பு. இதில் கொங்குநாட்டுக்கென்று ஓர் எண் இல்லை. எனினும் எம்பெருமானார் சரித்திரத்தில் கொங்குநாட்டுக்கு அழியாத ஓர் இடம் உண்டு. ஆழ்வார் திருவாக்கால் பெறாத ஏற்றத்தை அந்நாடு எதனால் பெற்றது என்பது ஆராயத்தக்கது.

அந்நாட்டின் கிழக்குப் பகுதியாகிய சேலம், நாமக்கல் சமவெளி வைணவத்துக்குப் புதிய நிலமன்று. நாமக்கல் மலையில் நரசிம்மனுக்கும் அரங்கநாதனுக்கும் குடையப்பெற்ற இரு குடைவரைகள் எட்டாம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. அரங்கநாதன் பள்ளிகொண்ட குடைவரையை, அதியர் குல மன்னன் குணசீலனோடு தொடர்புடைய கல்வெட்டு ‘அதியேந்திர விஷ்ணுக்ருஹம்’ என்று குறிக்கிறது. நரசிம்மன் ஸந்நிதியை நோக்கி, சுமார் 18 அடி உயரத்தில், மேற்கூரையின்றி வெயிலிலும் மழையிலும் கூப்பிய கையராய் நிற்கிறார் ஆஞ்சநேயர். தனக்கென்று ஒன்றும் வேண்டாது ஸ்வாமியின் திருமுகத்தையே பார்த்து நிற்கும் அந்நிலையே சேஷபூதனின் ஸ்வரூபம். அந்த ஸ்வரூபத்தைக் கொங்குநாட்டு இல்லத்தரசி ஒருத்தி தன் மடைப்பள்ளியில் நடத்திக் காட்டினாள்.

ஆறாயிரப்படி குருபரம்பராப்ரபாவத்தில் பின்பழகிய பெருமாள் ஜீயர் அச்சரித்திரத்தை அருளிச்செய்துள்ளார். கொங்குநாட்டில் மழை பொய்த்துப் பஞ்சம் நேர்ந்தபோது, ஓர் அந்தணரும் அவர் மனைவியும் திருவரங்கத்துக்கு வந்து குடியிருந்தனர். உடையவர் மாதுகரத்துக்கு எழுந்தருளும்போதெல்லாம் பெரியோரும் செல்வரும் அவர் திருவடிகளில் விழுவதை அப்பெண் மாடியிலிருந்து கண்டாள். ஒருநாள் இறங்கி வந்து, பிச்சைக்கு வரும் உம்மை இவர்கள் வணங்குவது ஏன் என்று வினவினாள். எம்பெருமானைப் பற்றிய சில வார்த்தைகளைத் தாம் இவர்களுக்குச் சொன்னதே காரணம் என்றார் உடையவர். அவ்வார்த்தை எனக்கும் ஆகுமோ என்று அவள் கேட்க, த்வயத்தை உபதேசித்தார். நாட்டில் மழை பெய்து ஊர் திரும்பும் வேளையில், கேட்டது நெஞ்சில் தங்கவில்லை என்று மறைக்காமல் விண்ணப்பித்து, மறுபடியும் உபதேசம் பெற்றாள். தஞ்சமாக அவருடைய பாதுகைகளையும் பெற்றுச் சென்றாள்.

பின்னர்ச் சோழன் செய்த உபத்ரவத்தால் உடையவர் காஷாயத்தை மறைத்து வெள்ளை சாத்திக்கொண்டு மேற்கே எழுந்தருள நேர்ந்தது. காட்டிலும் மழையிலும் அலைந்து பசித்திருந்த கோஷ்டியை முதலில் ஆதரித்தவர்கள் வேடர்கள். இவர்கள் திருவரங்கத்திலிருந்து வந்தவர்கள் என்று அறிந்ததும் உடையவரின் க்ஷேமத்தையே அவ்வேடர்கள் விசாரித்தனர். தேனும் தினையும் இட்டனர். அவர்களுக்கு நல்வார்த்தை சொன்னவர் நல்லான் சக்கரவர்த்தி. ஆற்றில் மிதந்துவந்த ஒரு சடலத்தில் திருவிலச்சினையைக் கண்டு, குலம் வினவாமல் ஈமக்கடன் செய்து, அதனால் ஊராரால் விலக்கப்பட்டவர் அவர். அவரை நல்லவர் என்று அங்கீகரித்தவன் எம்பெருமான். பேரற்ற ஒரு திருமேனிக்கு அவர் காட்டிய பரிவே வேடர்களிடத்தும் பரந்தது. ஆசார்யனுக்குக் காட்டில் கிடைத்த அமுது அப்பரிவின் பலம் என்றே கொள்ளலாம்.

வேடர்கள் கோஷ்டியைக் கொங்குப் பிராட்டியின் இல்லத்தில் சேர்ப்பித்தனர். அமுது செய்ய வேண்டும் என்று அவள் ப்ரார்த்தித்தபோது, அறியாத இல்லம் என்று வந்தவர்கள் தயங்கினர். எம்பெருமானார் திருவடி ஸம்பந்தம் தனக்கு உண்டு என்று அவள் சொன்னாள். அவள் செய்கையை மறைந்திருந்து பார்த்து வரும்படி உடையவர் ஒரு சிஷ்யரை நியமித்தார். அவள் மடி உடுத்துத் தளிகை செய்து முடித்தாள். பின் உள்ளறையில் பாதுகைகளின்முன் அமர்ந்து த்வயத்தை அநுஸந்தித்தாள். இதைக் கேட்ட பின்பே அடியார் கோஷ்டி அமுது செய்தது. இவர்களுள் எம்பெருமானார் உளரோ என்று கேட்டபோது, அவள் ஒவ்வொருவர் திருவடிகளாக நோக்கினாள். வெள்ளை உடுத்திருந்தமையால் முதலில் மயங்கினாலும், பாதுகைக்கு உரிய திருவடிகளை அறிந்து விழுந்து அழுதாள்.

இங்கு நோக்கவேண்டுவது ஒன்றுண்டு. அவள் அமுது சமைத்தது உடையவர் என்று அறிந்தன்று. மழையில் நனைந்து வந்த அடியார்கள் என்ற அளவே அவள் அறிந்தது. ஆசார்யனைக் கண்டது அக்கைங்கர்யத்துக்குப் பின்பு. காண்பதற்காகக் கைங்கர்யம் செய்திருந்தால் அது வாணிபமாகியிருக்கும்.

அவள் அநுஸந்தித்த த்வயத்தின் பொருளும் இதுவே. முற்கூறு சரணாகதியைச் சொல்லும். பிற்கூறு கைங்கர்யத்தை வேண்டும். அதன் இறுதியில் நின்ற ‘நம:’ என்ற பதம், கைங்கர்யத்தில் தனக்கென்று ஆனந்தம் தேடுகையாகிற களையை அறுக்கிறது என்பது பூர்வாசார்யர்களின் நிர்வாகம். ஆகில் ஆனந்தமே இல்லையோ எனின், உண்டு. சேஷியின் முகமலர்த்தி கண்டு சேஷனுக்கு உண்டாகும் உகப்பு விலக்கப்படவில்லை. அவ்வுகப்பைத் தனக்காக நாடுவதே விலக்கப்பட்டது. ஆகவே விச்வாஸமும் பரிவும் கைங்கர்யமும் தனித்தனியான மூன்று வழிகள் அல்ல. விச்வாஸம் வேர், பரிவு தளிர், கைங்கர்யம் கனி, ஆனந்தம் அக்கனியில் தானே ஊறும் சுவை.

மற்றொன்றும் கருதத்தக்கது. மந்த்ரம் தந்தவர் வழியில் பசித்து வந்து, பெற்றவள் கையால் உண்டார். கொடுப்பவர் உயர்ந்தவர், கொள்பவர் தாழ்ந்தவர் என்ற உலகக்கணக்கு அவ்வில்லத்தில் நிற்கவில்லை. மறந்தேன் என்று ஒப்புக்கொண்டு மறுபடி கேட்டவள், பின்பு ஆசார்யனுடைய சோதனைக்கு நின்று தேறினாள். இயற்பெயரினும் நாட்டின் பெயரே அவளுக்குத் திருநாமமாய் நிலைத்தது. பெரியவித்வான்களின் பெயர்களோடு அதுவும் எம்பெருமானார் அடியார் வரிசையில் ஓதப்படுகிறது.

கொங்குநாட்டுக்குப் பாசுரம் இல்லாத குறையை ஒரு வேளைத் தளிகை தீர்த்தது. திவ்யதேசத்தில் பிறத்தலும் பெரிய ஸந்நிதியில் அதிகாரம் பெறுதலும் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாசலில் பசித்து நிற்கும் அடியார்க்கு இலையிடுதல் எந்த ஊரிலும், எந்த இல்லத்திலும் கூடும். அங்ஙனம் இட்டவள் பெற்ற பேற்றைக் குருபரம்பரை நமக்குக் காட்டி வைத்திருக்கிறது.