பெஜோ 504 பாஷே: உத்தரவாதம் முடிந்தபின் ஓடிய வண்டி

புதிதாகப் பிக்கப் வண்டி வாங்கப் போனால் விற்பவர் முதலில் எடுத்துவைப்பது வாரண்டிக் கதைதான். இத்தனை வருடம், இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. அந்தத் தேதி கழிந்த மறுநாள் முதல் வண்டியின் கதி என்ன என்று அவரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆனால் சரக்கு ஏற்றிப் பிழைப்பவனுக்கு வண்டியின் உண்மையான வாழ்க்கை அந்த மறுநாள்தான் தொடங்குகிறது.

இந்த விஷயத்தில் பாடமாக எடுத்துக்கொள்ள ஒரு வண்டி உண்டு. பெஜோ 504 பிக்கப். மேற்கு ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு பேசும் நாடுகளில் அதை 'பாஷே' என்பார்கள். 'பாஷ்' என்றால் படுதா என்பது நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்குத் தெரியும். பின்னால் படுதா போர்த்திய வண்டி, ஆகவே பாஷே. போகப் போக எந்தக் கம்பெனி பிக்கப் ஆனாலும் அதே பெயரால் அழைக்கும் அளவுக்கு அந்தச் சொல் அங்கே ஊன்றிவிட்டது. ஆப்பிரிக்காவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுத் திரும்பிய நம் ஊர் சொல்தாக்கள் சிலர் இந்த வண்டிகளைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதில் பிடித்த ஆர்வத்தில் பிறகு படித்துச் சேர்த்ததையும் கூட்டி எழுதுகிறேன்.

பெஜோ குடும்பம் மோட்டார் வண்டிக்கு வந்தது பிற்பாடு. அதற்கு முன் கிழக்குப் பிரான்சில் அவர்கள் செய்துவந்தது ரம்பத் தகடு, காப்பி அரைக்கும் மில், மிளகு மில், சைக்கிள். அந்தச் சிங்க முத்திரைகூட முதலில் ரம்பத்துக்காக வந்ததுதான். வீட்டில் பல தலைமுறை கிடந்து உழைக்கும் சாமான் செய்து பழகிய கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்காவில் அவர்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 1960-ல் வந்த 404. கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி பந்தயம் என்று ஒன்று அந்த நாளில் பிரசித்தம். மழைக்காலத்தில், சேறும் புழுதியுமான மண் சாலையில் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். 1963, 1966, 1967, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளும் அதில் முதலாவதாக வந்தது 404. இவற்றில் 1963-லும் 1968-லும் கடைசிவரை வந்து சேர்ந்தவை 7 வண்டிகள் மட்டுமே. மற்றதெல்லாம் வழியிலேயே நின்றுவிட்டன. விளம்பரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதற்கு அடுத்து வந்தது 504. 1968 மே மாதத்தில் பிரான்சே நின்றுபோனது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பெஜோவின் சோஷோ தொழிற்சாலையிலும் பெரிய வேலைநிறுத்தம். ஜூன் 11 அன்று போலீசாரோடு நடந்த மோதலில் தொழிலாளர் இருவர் உயிரிழந்தார்கள். அதே தொழிற்சாலையிலிருந்து அந்த ஆண்டு செப்டம்பரில் 504 வெளியே வந்தது. மறு ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசையும் வாங்கியது. உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் மேல் விற்றது. 1975-லும் 1978-லும் சஃபாரி பந்தயத்தை இதுவும் வென்றது.

பிக்கப் உருவம் வந்தது 1979 வாக்கில். முன்பாதி கார், பின்பாதி சரக்குத் தொட்டி. காருக்குப் பின்னால் இருந்த மெத்தென்ற சுருள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, லாரிக்கு வைப்பதுபோல் இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்கையும் முரட்டு அச்சையும் வைத்தார்கள். பெயருக்கு ஒரு டன்தான் சரக்கு. ஏற்றுகிறவன் எந்த ஊரில் கணக்குப் பார்த்தான்?

இந்த வண்டியின் உள் ரகசியம் என்ஜினில் இருந்தது. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏறி இறங்கித் தேய்ந்துபோனால், சாதாரணமாக முழு பிளாக்கையும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து போர் போட வேண்டும். பெஜோ என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய குழாய். மெக்கானிக்குகள் லைனர் என்பார்கள். அதைச் சுற்றித் தண்ணீர் ஓடும். தேய்ந்த லைனரையும் பிஸ்டனையும் எடுத்துவிட்டுப் புது ஜோடியை இறக்கினால் என்ஜின் மறுபடி புதிது. லேத் வேண்டாம், பெரிய பட்டறை வேண்டாம். ஒரு மரத்தடி, ஒரு சாவிப் பெட்டி, விஷயம் தெரிந்த இரண்டு கைகள் போதும். அதில் கம்ப்யூட்டர் கிடையாது. ரிப்பேர் என்றால் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு, கையால் தொட்டுக் கண்டுபிடிக்கும்படிதான் எல்லாம் இருந்தது.

அடுத்தது, உள்ளூரிலேயே கிடைத்த வண்டி என்பது. நைஜீரியாவில் கடூனா என்ற ஊரில் 1975-ல் பெஜோ தொழிற்சாலை திறந்தது. பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி வண்டியாக்கினார்கள். அரசாங்க அதிகாரி என்றால் பெஜோ கார் என்று ஆகிவிட்டது. கென்யாவிலும் பூட்டினார்கள். தெருவெல்லாம் ஒரே வகை வண்டி ஓடினால் என்ன லாபம் என்றால், அடிபட்டு ஒதுங்கிய பத்து வண்டியிலிருந்து பாகம் எடுத்து நூறு வண்டியை ஓட்டலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த வண்டிக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள்: 'ஏங்க்ரெவாபிள்'. 'கிரெவே' என்றால் டயர் வெடிப்பது. ஆடு மாடு செத்துப்போவதற்கும் அதே சொல். ஆக, வெடிக்காதது, சாகாதது என்று இரண்டு பொருளும் அதில் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பட்டத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. சாகாத வண்டி என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. 504-ம் நூறு தடவை செத்தது. நூறு தடவையும் யாரோ ஒருவர் உயிர் கொடுத்தார். பட்டம் வண்டிக்குப் போய்விட்டது. உயிர் கொடுத்தவர் பெயர் எங்கும் இல்லை.

அவர்கள் யார்? டாக்கரிலும் பமாக்கோவிலும் சாலை ஓரத்தில், மண்ணெண்ணெய்த் தட்டில் போல்ட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த மெக்கானிக்குகள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பட்டறையில் சேர்ந்த பையன்கள். அங்கே 'அப்ராந்தி' என்பார்கள். பேருந்து போலவே ஆள் ஏற்றும் வண்டிகளில் பின்னால் தொங்கிக்கொண்டு வரும் பையனுக்கும் அதே பெயர். கிழக்கு நைஜீரியாவில் நெவி என்ற ஊர் முழுக்கவே உதிரிபாக வியாபாரத்தால் வளர்ந்தது. இக்போ இன வியாபாரிகள் முதலில் பாகங்களை இறக்குமதி செய்தார்கள். பிறகு தைவானில் கொடுத்துச் செய்து வாங்கினார்கள். 1980-களில் சிலவற்றைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கம்பெனி முத்திரை இல்லாத பாகம்தான், ஆனால் கைக்கு எட்டும் விலை. உத்தரவாதம் முடிந்த வண்டியைத் தாங்கியவர்கள் இவர்கள்.

காலமும் அவர்களை அப்படி நெருக்கியது. 1986-ல் நைஜீரியா சர்வதேச நிதி அமைப்புகள் சொன்னபடி பொருளாதாரச் சீர்திருத்தத்தில் இறங்கியது. நைரா நாணயம் மளமளவென்று சரிந்தது. புது வண்டி நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாக்கனி ஆயிற்று. ஐரோப்பாவில் ஓடித் தேய்ந்த பழைய வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. நைஜீரியாவில் அதற்கு 'டோக்குன்போ' என்று பெயர். பக்கத்தில் ஐவரி கோஸ்ட்டில் 'பிரான்ஸ் ஒருவ்வார்' என்றார்கள். பிரான்சுக்குப் போய் வருகிறேன் சொல்லிவிட்டு வந்த வண்டியாம்! சிரிப்பு வரும் பெயர்தான். வறுமையிலும் இப்படிப் பெயர் வைக்க ஒரு மனசு வேண்டும்.

பிரெஞ்சு பேசும் நாடுகளுக்கு அடி விழுந்தது 1994 ஜனவரியில். 1948 முதல் 50 செ.எஃப்.ஆ. பிராங்குக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க் என்று இருந்த மதிப்பு, ஒரே நாளில் 100-க்கு ஒன்று என்று ஆக்கப்பட்டது. பிராங்கில் பென்ஷன் வாங்கிய குடும்பங்கள் உள்ள ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. செனகலிலும் மாலியிலும் நைஜரிலும் பிரான்சிலிருந்து வரும் ஒரு பிஸ்டன் செட்டின் விலை ஒரே இரவில் இரண்டு மடங்கு. அதற்கு முந்தைய வருடம்தான், 1993-ல், பிரான்சில் 504 பிக்கப் தயாரிப்பும் நின்றிருந்தது. வண்டி செய்தவர் கையைக் கழுவியாயிற்று, பணத்தின் மதிப்பு பாதி. அந்தச் சமயத்தில்தான் பாஷே தன் இரண்டாவது ஆயுளை வாழ்ந்தது. புது வண்டி வாங்க முடியாதவர்கள் பழையதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். நம்பகமான வண்டி என்ற புகழில் பாதி, வேறு வழியில்லாத மக்களின் உழைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சரக்குத் தொட்டியில் பலகை போட்டு ஆட்களையும், அவர்கள் தலைக்குமேல் மூட்டைகளையும், அதற்கு மேல் ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டிகள் இவை. தேய்ந்த பிரேக், ஒட்டுப் போட்ட டயர், ஒற்றை விளக்கு. என்ஜினை மறுபடி மறுபடி புதிதாக்கலாம். துருப்பிடித்த தளத்தையும் களைத்துப்போன ஸ்டீயரிங்கையும் எத்தனை நாள் இழுப்பது? என்ஜின் ஓடுகிறது என்பதும் வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் பின்னால் உட்கார்ந்து வந்த சந்தைக்காரப் பெண்களும் கூலிக்காரர்களும்தான்.

இந்த என்ஜின் குடும்பத்துக்கும் நமக்கும் ஒரு உறவு உண்டு. 1979-ல் மகிந்திரா கம்பெனி பெஜோவிடம் உரிமம் வாங்கி எக்ஸ்.டி.பி. 4.90 என்ற டீசல் என்ஜினை இங்கேயே செய்யத் தொடங்கியது. 4 என்பது சிலிண்டர், 90 என்பது அதன் அகலம் மில்லிமீட்டரில். 2,112 சி.சி. ஆரம்பத்தில் வந்த டீசல் 504 காரில் இருந்ததும் இதன் உடன்பிறப்புதான். 1980-களில் அரசு அலுவலக வாசலில் நின்ற டீசல் ஜீப்புகள் பலவற்றுக்குள் இருந்தது அந்தப் பிரெஞ்சு இதயமே. அலுவலகத்தில் லாக் புக்கும் கண்டம் செய்யும் கோப்பும் என் மேஜைக்கு வரும். வருடமும் கிலோமீட்டரும் கணக்குக்கு வந்துவிட்டால், வண்டி இனி உபயோகமில்லை என்று எழுதி ஏலத்துக்கு அனுப்புவோம். ஏலத்தில் எடுத்தவர் அதையே கிராமத்துச் சாலையில் ஆள் ஏற்றி இன்னும் பல வருடம் ஓட்டுவார். காகிதத்தில் செத்த வண்டி ரோட்டில் உயிரோடு போகும். அதற்குக் காரணமும் அதேதான்: எந்த ஊர் மெக்கானிக்கும் பிரிக்கத் தெரிந்த என்ஜின், எந்தக் கடையிலும் கிடைத்த பாகம்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. 1990-களின் நடுவில் பிரீமியர் கம்பெனியோடு சேர்ந்து பெஜோ 309 என்ற காரை இந்தியாவில் விற்றார்கள். நல்ல கார்தான். ஆனால் சில வருடங்களிலேயே கூட்டு முறிந்து பெஜோ வெளியேறியது. ஆப்பிரிக்காவில் சாகாத கம்பெனியின் வண்டி இங்கே பாகம் கிடைக்காமல் ஷெட்டில் கிடந்தது. அதே சிங்க முத்திரை, அதே பிரெஞ்சுப் பொறியாளர்கள். சுற்றிலும் பட்டறையும் கடையும் வளரவில்லை, அவ்வளவுதான்.

நைஜீரியாவில் 2000-களின் நடுப்பகுதி வரை 504 பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் ஜப்பானிய டொயோட்டா பிக்கப்புகள் அந்தச் சாலைகளைப் பிடித்துக்கொண்டன. 1987-ல் சாடு நாட்டுப் படையினர் டொயோட்டா பிக்கப்புகளில் பாய்ந்து லிபியாவின் டாங்கிகளை விரட்டியதால் அந்தச் சண்டைக்கே டொயோட்டா யுத்தம் என்று பெயர் வந்தது. பெஜோவோ 504-க்குப் பிறகு அந்த வகையில் சொந்தமாக ஒரு பிக்கப்பும் செய்யாமல் இருந்துவிட்டது. 2017-ல் ஆப்பிரிக்காவுக்கென்று மறுபடி ஒரு பிக்கப் கொண்டுவந்தபோது, அது சீனாவின் டோங்ஃபெங் கம்பெனி வண்டியில் சிங்க முத்திரை ஒட்டியது.

ஆகவே, பழைய பிக்கப் ஒன்றை வைத்திருக்கிறவர்களும் வாங்க நினைப்பவர்களும் வாரண்டிப் புத்தகத்தைப் புரட்டுவதோடு இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. இதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கிறாரா? பாகம் தீர்ந்துபோனால் யார் செய்து கொடுப்பார்? இரண்டுக்கும் பதில் இருந்தால் வண்டி நீண்ட நாள் ஓடும். இல்லாவிட்டால் எந்த முத்திரையும் காப்பாற்றாது. இன்னொன்று: அப்படி ஓடும்போது, பிரேக்கையும் டயரையும் என்ஜின் அளவுக்கே கவனிக்க வேண்டும்.