ஏப்ரல் 6-ம், காணாமல் போன பதினொரு நாளும்



லண்டனில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் நம் மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், நம்ம ஊர்ல நிதியாண்டு ஏப்ரல் 1-ல ஆரம்பிக்குது. இங்க தனிநபர் வருமான வரிக்கு மட்டும் ஏப்ரல் 6. அது என்ன சார் ஆறு?" இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை. எல்லோருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முன்பு இங்கிலாந்தில் சட்டப்படி புத்தாண்டு ஜனவரி 1 அல்ல, மார்ச் 25. குத்தகை, வாடகை, வட்டி, கணக்கு முடிப்பது எல்லாம் அந்த நாளை ஒட்டித்தான். அவர்களுடைய நாட்காட்டியும் ஜூலியஸ் சீசர் காலத்துப் பழைய நாட்காட்டி. அது சூரியனுக்குச் சில நாள் பின்தங்கியிருந்தது. 1582-ல் போப் 13-ஆம் கிரிகோரி அதைத் திருத்தினார். கத்தோலிக்க நாடுகள் ஏற்றுக்கொண்டன. போப் சொல்லி நாம் கேட்பதா என்று இங்கிலாந்து சுமார் 170 ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தது. 1700-க்குப் பிறகு இரண்டு கணக்குக்கும் 11 நாள் வித்தியாசம்.

இந்தக் குழப்பம் நம் சென்னை வரை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த நாள் 1746 செப்டம்பர் 21 என்று ஒரு புத்தகத்தில் இருக்கும். செப்டம்பர் 10 என்று இன்னொன்றில் இருக்கும். இரண்டும் சரி. முன்னது பிரெஞ்சுக் கணக்கு, பின்னது ஆங்கிலேயர் கணக்கு. நமக்கோ அது அட்சய வருஷம் புரட்டாசி மாதம்!

கடைசியில் செஸ்டர்ஃபீல்டு பிரபு முன்னின்று பார்லிமென்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார். இரண்டு மாற்றம். 1752 முதல் ஆண்டு ஜனவரி 1-ல் தொடங்கும். அதனால் 1751-ஆம் ஆண்டு மார்ச் 25-ல் பிறந்து டிசம்பர் 31-ல் முடிந்துபோனது. மொத்தம் 282 நாள்தான். அடுத்து, 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. புதன்கிழமை இரவு படுத்தவர் வியாழக்கிழமைதான் எழுந்தார். தேதி மட்டும் தாவிவிட்டது.

எனக்கு அந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்தது வேறு. தேதி தாவினால் கடன்காரன் கதி என்ன? பதினொரு நாள் முன்னதாகவே வந்து கதவைத் தட்டிவிடுவார்களே! அதையும் யோசித்து எழுதியிருக்கிறார்கள். வாடகையோ கடனோ, சட்டம் வராதிருந்தால் எந்த நாளில் கொடுக்க வேண்டுமோ அதே இயற்கையான நாளில்தான் கொடுக்க வேண்டும். முன்கூட்டிக் கேட்கக் கூடாது. 21 வயது நிறைவதற்கும் இதே விதி. பழைய கணக்கில் 1731 செப்டம்பர் 20-ல் பிறந்தவருக்கு வயது நிறைவது புதிய கணக்கில் 1752 அக்டோபர் 1. ஏழை எளியவர்களை நினைத்துச் சட்டம் எழுதிய சில சமயங்களில் இதுவும் ஒன்று என்பேன். (எங்கள் பதினொரு நாளைத் திருப்பிக் கொடு என்று மக்கள் கலவரம் செய்தார்கள் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். ஹோகார்த் என்ற ஓவியர் வரைந்த தேர்தல் படத்தில் அப்படி ஒரு வாசகம் உண்டு. கலவரத்துக்குச் சான்று இல்லை.)

இப்போது ஏப்ரலுக்கு வருவோம். மார்ச் 25-உடன் 11 கூட்டினால் ஏப்ரல் 5. அப்படியானால் ஆண்டு ஏப்ரல் 5-ல் அல்லவா தொடங்க வேண்டும்? இங்கேதான் 'ஃப்ரம்' என்ற ஒரே ஒரு சொல் வேலை செய்கிறது. ஆங்கிலச் சட்ட வழக்கில் 'இந்த நாளிலிருந்து' என்று எழுதினால் அந்த நாள் கணக்கில் சேராது, மறுநாள்தான் முதல் நாள். ஆக, மார்ச் 25-லிருந்து என்றால் முதல் நாள் 26, முடிவது அடுத்த ஆண்டு 25-ல். அதை 11 நாள் தள்ளுங்கள்: ஏப்ரல் 6-ல் தொடங்கி ஏப்ரல் 5-ல் முடிகிறது. 1800-ஆம் ஆண்டை வைத்து வேறொரு விளக்கமும் சொல்வார்கள். எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இது வெள்ளைக்காரன் சமாசாரம் என்று விட்டுவிடாதீர்கள். இந்தியாவின் 1897-ஆம் ஆண்டு பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9-ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது: 'ஃப்ரம்' என்றால் முதல் நாளை விடு, 'டு' என்றால் கடைசி நாளைச் சேர். ஜூன் 10-லிருந்து 30 நாளுக்குள் பதில் தருக என்று ஆங்கிலத்தில் நோட்டீஸ் வந்தால் கடைசி நாள் ஜூலை 10.

ஆனால் நம் காதுக்கு 'பத்தாம் தேதியிலிருந்து' என்றால் பத்தும் சேர்ந்துதான் ஒலிக்கும். வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் என்று இரண்டு முனையையும் சேர்த்து எண்ணிப் பழகியவர்கள் நாம். பதில் எழுதுகிறவர் அப்படி எண்ணினால் ஒரு நாள் முன்னதாக, ஜூலை 9-க்கே, முடித்துவிடுவார், நஷ்டமில்லை. நோட்டீஸ் அனுப்புகிறவர் அப்படி எண்ணினால் எதிராளியின் ஒரு நாள் பறிபோகும்.

'பை', 'அன்டில்' இரண்டையும் இன்னும் குழப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 'பத்தாம் தேதிக்குள்' பணம் கட்டு என்பது 'பை'. 'பத்தாம் தேதி வரை' ஊரில் இருப்பேன் என்பது 'அன்டில்'. வகுப்பில் இதைத் தமிழில் சொன்ன பிறகுதான் பலருக்கும் பிடிபட்டது. பின் பெஞ்சில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்.