பட்டியலில் ஒரு பெயர்: மட்டக்களப்பு வாவிக் கரைகளில் தனிநபர் தகவலும் இணையப் பாதுகாப்பும்

இணையப் பாதுகாப்பு பற்றிய பயிற்சிப் பட்டறைகள் பெரும்பாலும் ஒரே பாடத்தையே சொல்கின்றன: கடவுச்சொல்லை வலுவாக வைத்துக்கொள்ளுங்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், முகநூலில் எல்லாவற்றையும் பகிராதீர்கள். பாடத்தில் பிழையில்லை. ஆனால் அது தன் தகவலைத் தானே ஆளும் ஒரு தனிமனிதரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வாவியின் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் ஒருவருடைய விவரங்கள் பிரதேச செயலகத்திலும், கடன் கொடுக்கும் நிறுவனத்திலும், போட்டோ கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடையிலும் கிடக்கின்றன. ஆகவே இங்கே பெரிய ஆபத்து தகவலுக்கு உரியவரின் கவனக்குறைவில் இல்லை. அதைக் கேட்டு வாங்கி வைத்திருப்போரின் பொறுப்பின்மையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அடையாளம் கேட்கப்படுவது இந்த மண்ணில் ஒருபோதும் வெறும் நிர்வாக வேலையாக இருந்ததில்லை. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றதற்கு, அவர்கள் முஸ்லிம்கள் என்பதைத் தவிர வேறு காரணம் தேவைப்படவில்லை. அடுத்த மாதம், செப்டெம்பர் 5 அன்று, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிரித்தெடுத்துக் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு தலையசைத்து ஆள் காட்டியவரைத் 'தலையாட்டி' என்று ஊர் அழைத்தது. யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்ற மிகச் சாதாரணமான தகவலே உயிரைப் பறிக்கும் என்பதை அறிந்த தலைமுறை இன்னும் நம்மிடையே வாழ்கிறது. தனியுரிமை இவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டிய கருத்து என்று பேசுவோர் இந்த வரலாற்றைப் படிக்கவில்லை.

இன்றைய நிலைமைக்குத் தேசிய அடையாள அட்டையிலிருந்து தொடங்குவதே பொருத்தம். பழைய எண்ணில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருந்தன. 2016 முதல் வழங்கப்படும் எண்ணில் பன்னிரண்டு இலக்கங்கள். இரண்டிலும் முதலில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கங்களில் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாக இருந்தால் அந்த நாளுடன் 500 கூட்டப்படும். அதாவது எண்ணை மட்டும் பார்த்தவருக்கே அவர் ஆணா பெண்ணா, எந்த நாளில் பிறந்தார் என்பது தெரிந்துவிடும். இந்த எண்ணைத்தான் நாம் சிம் அட்டை வாங்கவும், கடன் விண்ணப்பத்திலும், நிவாரணப் பதிவிலும் கொடுக்கிறோம். பிறந்த நாளைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள் என்று ஒருபுறம் எச்சரித்துவிட்டு, மறுபுறம் ஒவ்வொரு படிவத்திலும் அதே பிறந்த நாளை எண்ணாக எழுதி வாங்குகிறோம்.

வறுமை இதை மேலும் கடுமையாக்குகிறது. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்காகக் குடும்பங்களின் நிலை 22 குறிகாட்டிகளின்படி மதிப்பிடப்பட்டது. தெரிவானோரின் பட்டியல் வெளியிடப்பட்டு, அதன்மீது ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுமக்கள் அழைக்கப்பட்டார்கள். மோசடியைத் தடுப்பதே நோக்கம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் உதவி கேட்ட குற்றத்துக்காக ஒரு குடும்பத்தின் ஏழ்மை அயலாரின் விசாரணைக்கு விடப்படுகிறது. கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண் ஒருத்திக்கு இதன் பொருள் என்ன என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. வசதியுள்ளவரின் வருமானம் வங்கிக் கணக்கில் மறைந்திருக்க, வறியவரின் வருமானம் சுவரில் ஒட்டப்படுகிறது. நுண்கடனிலும் இதே தர்க்கம்தான். குழுவாகச் சேர்ந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்பதால், ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அன்றே அறிவார்கள். அது தற்செயலான கசிவல்ல. அந்த வெட்கத்தின்மீதே வசூல் நடக்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். தாய்வழிக் குடிமுறையும் உறவும் பின்னிய வாவிக்கரைச் சமூகத்தில் யாருக்கு யாரைத் தெரியாது, இங்கே தனியுரிமை என்று எதைக் காப்பது என்று கேட்பார்கள். ஊர் அறிவதும் கோப்பு அறிவதும் ஒன்றல்ல. என்னைப் பற்றி என் குடியாருக்குத் தெரிந்ததை நாளை கோயிலிலோ கலியாண வீட்டிலோ என் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் பேசவேண்டும். அவர்களைப் பற்றி எனக்கும் தெரியும். காலம் போக ஊர் மறக்கும், மன்னிக்கும். கோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவுமில்லை. அது யாரிடம் போனது என்பதுகூட எனக்குத் தெரிவதில்லை.

ஒருவருடைய முகமும் சொல்லும் அவர் கையைவிட்டுப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு அயலிலேயே சான்று உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில், சாப்பாட்டில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கூட்டம் ஒன்று குற்றம் சாட்டியது. சிங்களம் சரிவரத் தெரியாத ஊழியர் மிரட்டலின் நடுவே சொன்ன வார்த்தை காணொளியாகி முகநூலில் ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. அந்தப் பொருள் வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். அதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டிருந்தன; சில நாட்களில் கண்டி மாவட்டத்தின் திகனவும் எரிந்தது. அந்த வன்முறையில் தன் தளம் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் மட்டக்களப்பு ஊடகவியலாளர் முருகுப்பிள்ளை கோகுலதாசன், முகநூலில் பகிர்ந்த படங்களுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். ஓர் ஆண்டுக்கு மேலாகத் தடுப்பில் இருந்து 2022இல்தான் பிணையில் வெளிவந்தார். கடவுச்சொல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இந்த இருவரையும் அது காத்திருக்காது.

சட்டம் எங்கே நிற்கிறது? இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் தனியுரிமை தனி உரிமையாகச் சொல்லப்படவில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அதை அடிப்படை உரிமை என்று தீர்த்ததுபோல ஒரு தீர்ப்பும் இங்கே இல்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டம். இனம், சமயம், அரசியல் கருத்து, உடல்நலம் பற்றிய தரவுகளுக்கு அது கூடுதல் காப்பு அளிக்கிறது. அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஆனால் தரவு சேகரிப்போரின் கடமைகளைச் சொல்லும் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் ஒத்திவைக்கப்பட்டன. நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ 2024 ஜனவரி 24 அன்று 108 வாக்குகளுடன் நிறைவேறி, பெப்ரவரி 1இல் சபாநாயகர் ஒப்பமிட்டதும் சட்டமாயிற்று. எது பொய்க் கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. குடிமக்களின் பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இருந்த அவசரம், குடிமக்களின் தகவலைக் காக்கும் சட்டத்துக்கு இல்லாமற் போனது.

பெண்களுக்கும் மாணவர்களுக்கும் எச்சரிக்கை சொல்லும் பட்டறைகள் நடக்கட்டும். அவற்றுக்கு முன்பாகப் பிரதேச செயலகங்கள் செய்யக்கூடியவை சில உண்டு. இவற்றுக்குக் கொழும்பிலிருந்து புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பயனாளிப் பட்டியல்களை அடையாள அட்டை எண்ணும் முகவரியும் இன்றி வெளியிடலாம். படிவம் வாங்கும்போதே அது யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். கிராம உத்தியோகத்தரின் சொந்தக் கைத்தொலைபேசிக்கு அடையாள அட்டைப் படம் அனுப்பும் பழக்கத்தை நிறுத்தலாம். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை மட்டக்களப்பில் தமிழில் முறைப்பாடு ஏற்கும் ஓர் அலுவலரையேனும் நியமிக்க வேண்டும்; சட்டத்தின் ஒத்திவைத்த பகுதிகளை அரசு இனியும் தாமதியாமல் நடைமுறைப்படுத்த வேண்டும்.