கொங்கிரீட்டுக்கும் காய்ச்சல் உண்டு

பதுளைக்குப் புகையிரதத்தில் செல்வோர், எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைக் கற்பாலம் என்றே பெரும்பாலும் சொல்கிறார்கள். 1921இல் முடிந்த அந்தப் பாலம் பற்றி இலங்கைப் பொறியியல் சங்கம் 1923இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்போ, அதைக் கொங்கிரீட் பாலம் என்கிறது. யுத்தகாலத்தில் உருக்கு கிடைக்காமையால் இரும்பின்றிக் கட்டினார்கள் என்ற ஊர்க்கதையை எல்லோரும் அறிவர். கொங்கிரீட்டைப் பற்றி மக்கள் அதிகம் பேசாத இன்னொரு கதை உண்டு.

சீமெந்து தண்ணீருடன் சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. வீட்டுச் சுவரில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். பல மீற்றர் தடிப்புள்ள அணைக்கட்டில் அதற்கு வழியில்லை. நடுப்பகுதி சூடாகவே இருக்க, வெளிப்பகுதி ஆறிச் சுருங்கும். இரண்டுக்குமிடையே ஏறத்தாழ 20 பாகை செல்சியசுக்கு மேல் வேறுபாடு வந்தால் வெடிப்பு விழக்கூடும் என்பது பொறியியலாளரின் நடைமுறைக் கணக்கு. அதனாலேயே கொங்கிரீட்டை ஊற்றும்போதே உள்ளே வெப்பமானிகளைப் புதைத்து, அது ஆறும்வரை அளவெடுக்கிறார்கள். வெலிமடைப் பக்கத்துக் குளிர் இரவுகள் உதவி போலத் தோன்றும். ஆனால் மேற்பரப்பைச் சட்டெனக் குளிர்வித்து அவை வேறுபாட்டைக் கூட்டிவிடும். மேற்பரப்பைப் போர்த்திவைக்க வேண்டிய நிலை வருவது இதனால்தான்.

இந்தப் பாடத்தை உலகுக்கு விரிவாகக் கற்பித்தது அமெரிக்காவின் ஹூவர் அணை. 1933இல் அங்கு கொங்கிரீட் ஊற்றத் தொடங்கினார்கள். ஒரே பாளமாக ஊற்றியிருந்தால் ஆறுவதற்கு 125 ஆண்டுகள் பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆகவே தனித்தனிக் கட்டங்களாக ஊற்றி, 900 கிலோமீற்றருக்கு மேற்பட்ட குழாய்களை உள்ளே பதித்துக் குளிர்நீர் ஓடவிட்டார்கள்.

ஊவாவில் உமா ஓயாத் திட்டத்துக்காக புகுல்பொலவிலும் டயரபாவிலும் கொங்கிரீட் அணைகள் எழுந்தன. அணைகளுக்குள் இருந்த சூடு எங்கள் பத்திரிகைகளில் ஒருநாளும் செய்தியாகவில்லை. செய்தியானது வேறொரு வெடிப்பு. 2014 டிசம்பரில் பண்டாரவளைப் பகுதியில் சுரங்கப்பாதைக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. அணையின் நெஞ்சுக்குள் வெப்பமானி வைக்கத் தெரிந்த துறை, அந்தக் கிணறுகளின் நீர்மட்டத்துக்கும் அதேயளவு கவலைப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். 2017இல் பண்டாரவளை மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வேலை தொடர்ந்தது, 2024 ஏப்ரல் 24இல் திட்டம் திறந்துவைக்கப்பட்டது.