கிளைவிட்ட கலங்கள்

1868ஆம் ஆண்டிலே பேர்லினில் பவுல் லாங்கர்ஹான்ஸ் என்னும் மருத்துவ மாணவன், மனிதத் தோலைப் பொற்குளோரைட்டினால் நிறமூட்டி நுணுக்குக்காட்டியில் நோக்கினான். மேற்றோலினிடையே மரம்போற் கிளைத்த கலங்கள் கருமையாய்த் தோன்றின. நரம்புகளைக் காட்டுதற்கெனக் கையாளப்பட்ட முறை அது. கலங்களோ நரம்புபோற் கிளைவிட்டிருந்தன. அவை நரம்பின் பாற்பட்டவையே என அவன் முடிவு செய்தான்.

1873இல் இத்தாலியில், தீராநோயாளர் மருத்துவமனையொன்றின் சமையலறையை ஆய்வுகூடமாக்கிக்கொண்ட கமில்லோ கொல்கி, நரம்புக் கலத்தை அதன் கிளைகளோடு முழுமையாகக் காட்டும் வெள்ளி முறையைக் கண்டார். நரம்புகள் யாவும் தொடர்ந்த ஒரே வலை என்பது அவர் கொள்கை. லாங்கர்ஹான்ஸ் மறைந்த 1888ஆம் ஆண்டிலே, ஸ்பானியரான சந்தியாகோ ரமோன் இ கஹால் கொல்கியின் முறையையே திருத்திக் கையாண்டு, ஒவ்வொரு நரம்புக் கலமும் தனித்தது என வாதிட்டார். மறு ஆண்டில் வில்ஹெல்ம் ஹிஸ், மரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று அக்கிளைகளுக்கு ‘டென்றைற்’ எனப் பெயரிட்டார். 1906இல் கொல்கியும் கஹாலும் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும் கொல்கி தம் கொள்கையைக் கைவிடவில்லை. கருவியை ஆக்கியவர் அதன் சாட்சியத்தை ஏற்க மறுத்தார்.

தோற் கலங்களின் புதிரோ நூறாண்டுக்கு மேல் நீடித்தது. 1973இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் ரால்ப் ஸ்ரைன்மனும் சன்வில் கோனும் எலியின் மண்ணீரலிலே கிளைத்த கலங்களைக் கண்டு, வடிவு கருதி அதே கிரேக்கச் சொல்லாற் பெயரிட்டனர். அவை நரம்புகள் அல்ல. கிருமிக் கூறுகளைப் பற்றி, நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு சென்று, ரி-கலங்களுக்குக் காட்டி எதிர்ப்பைத் தூண்டும் காவலர்கள். அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். பரிசோதனைகளே அவ்வையத்தை நீக்கின. லாங்கர்ஹான்ஸ் கண்டவையும் நோயெதிர்ப்புப் பணி புரியும் கலங்களே என்பது தெளிவாயிற்று. ஸ்ரைன்மன் 2011 செப்டம்பர் 30இல் காலமானார். அதை அறியாத நோபெல் குழு மூன்று நாளின் பின் அவருக்குப் பரிசை அறிவித்தது.

கிளை விரிந்தால் தொடும் பரப்பு விரியும். நரம்புக் கலம் செய்தி பெறவும், காவற் கலம் பகையை அறியவும் அது உதவுகிறது. வடிவம் ஒன்று, தொழில் வேறு. தோற்றத்தைக் கொண்டு மட்டும் தொழிலைத் துணிதல் ஆகாது.

ஆசிரிய நண்பர்களே, முடிந்த முடிவுகளை மட்டும் மனனஞ் செய்விக்கும் கல்வி விஞ்ஞானத்தை வேதமாக்கிவிடும். மாணவனின் பிழையையும் மேதையின் பிடிவாதத்தையும் சேர்த்துக் கற்பிப்போம். ஐயுறும் துணிவு அப்போதுதான் நம் மாணவரிடத்தே வேரூன்றும்.