கடைசி இடம் பிடித்த பாட்டும் கவிழ்ந்த ஆட்சியும்

1974 ஏப்ரல் 6. இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் யூரோவிஷன் பாட்டுப் போட்டி. மொத்தம் 17 நாடுகள். யார் ஜெயித்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிலராவது சட்டென்று சொல்லிவிடுவார்கள்: சுவீடன் நாட்டு ஆப்பா குழு, ‘வாட்டர்லூ’ பாட்டு.

இப்போது அதே பட்டியலின் அடிப்பக்கம் வாருங்கள். போர்த்துகல் பெற்றது வெறும் 3 புள்ளி. நார்வே, மேற்கு ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகியவற்றோடு சேர்ந்து கடைசி இடம். பாடியவர் பாவ்லோ டி கார்வாலியூ. பாட்டின் தலைப்புக்கு ‘விடைபெற்ற பின்’ என்று பொருள். காதல் முறிந்த ஒருவனின் புலம்பல், அவ்வளவுதான். அரசியல் வாடையே கிடையாது.

அதுதான் அந்தப் பாட்டின் பலமாக அமைந்தது. எப்படி என்கிறீர்களா?

நமக்குப் போர்த்துகீசியர் என்றால் 1511, மலாக்கா, அல்புகர்க். பாடநூலில் அத்தோடு அவர்கள் கதை முடிந்துவிடும். (நாம் தினமும் சொல்லும் ஜன்னல், சாவி, மேசை எல்லாம் அவர்கள் விட்டுப்போன சொற்கள் என்பது வேறு விஷயம்.) ஆனால் 1970களிலும் அவர்கள் ஆப்பிரிக்கக் காலனிகளை விட்டபாடில்லை. 1961இல் அங்கோலாவிலும், 1963இல் கினி-பிசாவிலும், 1964இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர் வெடித்தது. உள்நாட்டிலோ 1933 முதல் ‘புதிய அரசு’ என்ற பெயரில் சர்வாதிகாரம். சலசார் 1968இல் நோய்வாய்ப்பட்டு விலகியதும் கயெத்தானு பொறுப்பேற்றார். ஆள்தான் மாறினார், தணிக்கையும் இரகசியப் போலீசும் அப்படியே இருந்தன.

முடிவே தெரியாத போரில் வெறுத்துப்போன இளம் இராணுவ அதிகாரிகள், பெரும்பாலும் கேப்டன்கள், இரகசியமாக ஒன்றுகூடினார்கள். மார்ச் 16இல் ஒரு கிளர்ச்சி முயற்சி தோற்றது. அடுத்த தடவை எல்லாப் படைமுகாமும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். கைத்தொலைபேசி இல்லாத காலம்; வீட்டுத் தொலைபேசியில் பேசினால் ஒட்டுக்கேட்பார்கள். அப்படியானால் சேதி எப்படிப் போகும்?

வானொலியில்! ஏப்ரல் 24 இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலி நிலையம் ஒன்று கார்வாலியூவின் பாட்டை ஒலிபரப்பியது. போட்டி முடிந்து 18 நாள்தான் ஆகியிருந்தது. அந்தப் பாட்டைப் போட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? கேட்ட அதிகாரிகளுக்கு மட்டும் புரிந்தது: தயாராகு. நள்ளிரவு தாண்டி 12.20க்கு ரேடியோ ரெனசென்சாவில் இரண்டாவது பாட்டு, ஜோசே அஃபோன்சுவின் ‘கிராண்டுலா’. அதன் பொருள்: புறப்படு, இனித் திரும்ப முடியாது. அஃபோன்சுவின் வேறு பாடல்கள் தடைசெய்யப்பட்டிருந்ததால், இதைத்தான் வரலாற்று நூல்கள் அதிகம் கொண்டாடுகின்றன. என்னைக் கேட்டால் முதல் பாட்டின் சாமர்த்தியம் பெரிது.

விடிந்ததும் லிஸ்பன் தெருக்களில் டாங்கிகள். மக்கள் வீட்டுக்குள் இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை, வெளியே வந்து வீரர்களின் துப்பாக்கி முனையில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள். ‘கார்னேஷன் புரட்சி’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அன்று மாலையே கயெத்தானு சரணடைந்தார். ஆனால் ‘ஒரு துளி இரத்தமும் சிந்தவில்லை’ என்று எழுதாதீர்கள். இரகசியப் போலீஸ் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள்.

தேர்வு எழுதும் தம்பி தங்கைகளுக்கு இன்னொன்று. ‘பாட்டால் புரட்சி வந்தது’ என்று எழுதினால் புள்ளி போய்விடும். காரணம் வேறு, சமிக்ஞை வேறு. பதின்மூன்று ஆண்டுப் போரும் நாற்பது ஆண்டு அடக்குமுறையும்தான் காரணங்கள். பாட்டு வெறும் மணியோசை. ஆசிரியர்கள் வகுப்பில் இதை மூலச்சான்றுப் பயிற்சியாகக் கொடுத்துப் பார்க்கலாம். பாட்டின் வரிகளை மட்டும் வைத்து ஆராய்ந்தால் மாணவர்களுக்கு ஒன்றுமே கிடைக்காது. எந்த இரவில், எந்த நிலையத்தில், யார் கேட்பதற்காக ஒலித்தது என்று கேட்கத் தொடங்கினால்தான் வரலாறு வாய் திறக்கும்.

புரட்சியின் விளைவாக 1975இல் அங்கோலாவும் மொசாம்பிக்கும் சுதந்திரம் பெற்றன. அதே ஆண்டு யூரோவிஷன் மேடைக்குப் போர்த்துகல் அனுப்பியது டுவார்த்தே மெண்டஸ் என்ற பாடகரை. அவர் புரட்சியில் பங்கெடுத்த இராணுவ அதிகாரி. பாட்டின் பெயர் ‘விடியல்’. அதற்கும் பட்டியலின் அடிப்பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. போர்த்துகல் முதன்முதலாக அந்தப் போட்டியில் வென்றது 2017இல்.